மேடேறும் இதயம்: டிரெட்மில் பரிசோதனையின் வரலாறும் நோயாளி அறிய வேண்டியதும்

1768ஆம் ஆண்டு லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் ஒரு கட்டுரையை வாசித்தார். நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் உணவுண்ட பின் நடக்கும்போதும், சிலருக்கு நெஞ்சை நெரிப்பது போன்ற ஒரு வேதனை தோன்றுகிறது. நின்ற மாத்திரத்தில் அது அகன்றுவிடுகிறது என்பதே அதன் சாரம். அந்நோய்க்கு அவர் 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று பெயரிட்டார். கட்டுரை 1772இல் அச்சாயிற்று. ஸ்டெதாஸ்கோப் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய காலம் அது. ஹெபர்டனிடம் கருவி எதுவும் இல்லை. நோயாளிகள் கூறியதைக் கூர்ந்து கேட்ட செவி மட்டுமே இருந்தது.

உழைப்பு வெளிப்படுத்துவதை ஓய்வு மறைத்துவிடுகிறது என்பதே அவ்விவரணையுள் அடங்கியிருந்த உண்மை. இன்று இந்திய நகரங்களின் மருத்துவமனைகளில் 'டி.எம்.டி.' என்ற மூன்றெழுத்தில் வழங்கும் டிரெட்மில் பரிசோதனை இவ்வுண்மையின் மேல் கட்டப்பட்டது. நெஞ்சில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, நகரும் பட்டையின் மேல் நடக்கும் ஒருவர் உண்மையில் ஹெபர்டன் குறிப்பிட்ட மேட்டில்தான் ஏறுகிறார். அந்த மேட்டை ஓர் அறைக்குள் கொண்டுவர ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. அந்த வரலாற்றை அறிந்தவருக்குப் பரிசோதனை அறையில் நிகழும் ஒவ்வொன்றின் காரணமும் விளங்கும். பரிசோதனையின் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் விளங்கும்.

ஓய்வின் திரை

கரோனரித் தமனிகளில் அடைப்பு ஓரளவு முற்றிய பின்னும் ஓய்வாக அமர்ந்திருப்பவரின் இதயத் தசைக்குத் தேவையான குருதி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. தேவை மிகும்போதுதான் பற்றாக்குறை புலப்படும். ஆகவே படுக்கையில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. குறையற்றதாக இருப்பது தமனிகள் குறையற்றவை என்பதற்குச் சான்றாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் இதய மின்வரைபடக் கருவியை உருவாக்கினார். 1924இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். உடற்பயிற்சிக்குப் பின் எடுக்கப்பட்டு 1908இல் அவர் வெளியிட்ட பதிவொன்றில், இன்று நாம் 'எஸ்.டி. தாழ்வு' என்றழைக்கும் மாற்றம் தென்படுகிறது. ஐந்தோவன் அதைப் பற்றி ஏதும் கூறவில்லை. கண்முன் இருந்த சான்று அதற்குரிய கேள்வி பிறக்காமையால் காணப்படாமற்போன நிகழ்ச்சிகள் அறிவியல் வரலாற்றில் பல. அவற்றுள் இதுவும் ஒன்று.

1918இல் பவுஸ்ஃபீல்டு என்பவர் நெஞ்சுவலி தற்செயலாக மூண்ட வேளையில் ஈ.சி.ஜி. எடுத்து, வலியோடு வரைகோடும் மாறுவதைப் பதிவுசெய்தார். 1928இல் அமெரிக்காவின் ஃபெயில், சீகல் இருவரும் ஒரு படி மேலே சென்று, நெஞ்சு நெரிவலி உடையவர்களை வேண்டுமென்றே உடற்பயிற்சி செய்யவைத்து வலியை வரவழைத்தனர். வரைகோட்டில் தோன்றிய மாற்றத்தைக் கண்டனர். இங்கே ஓர் அறச் சிக்கலும் பிறந்தது. நோயை அறிவதற்காக நோயைத் தூண்டலாமா? 1930களின் தொடக்கத்தில் இம்மாற்றங்களை ஆராய்ந்த உட், வோல்ஃபெர்த் ஆகியோர் இச்சோதனை அபாயகரமானது என்றே கருதினர். இன்று பரிசோதனைக்கு முன் நோயாளியிடம் பெறப்படும் ஒப்புதல் கையொப்பம் அந்தப் பழைய கேள்வியின் தொடர்ச்சியாகும். கையொப்பமிடுமுன் அப்படிவத்தைப் படித்தறிவது நோயாளியின் உரிமை.

படிகள் இரண்டு

நியூயார்க்கின் ஆர்தர் மாஸ்டர், 1929இல் ஓப்பன்ஹைமருடன் இணைந்து எளிய சோதனையொன்றை முன்வைத்தார். ஒவ்வொன்றும் 9 அங்குல உயரமுள்ள இரு படிகள். அவற்றில் ஏறி, மறுபுறம் இறங்கி, திரும்பி மீண்டும் ஏற வேண்டும். எத்தனை முறை என்பது வயது, எடை, பால் ஆகியவற்றுக்கேற்ப அட்டவணையில் வரையறுக்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் மாஸ்டர் அளந்தவை நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் மட்டுமே. உழைப்புக்குப் பின் இதயம் எவ்வளவு விரைவில் இயல்புக்குத் திரும்புகிறது என்பதே, அதாவது அதன் ஆற்றலே, அவரது கேள்வி. 1940களின் தொடக்கத்தில்தான் ஈ.சி.ஜி. இச்சோதனையுடன் சேர்க்கப்பட்டது. அத்துடன் கேள்வியும் மெல்ல மாறியது. 'இவரது இதயம் எவ்வளவு தாங்கும்?' என்றிருந்தது, 'இவருக்கு நோய் உண்டா, இல்லையா?' என்றாயிற்று. இம்மாற்றத்தின் விளைவுகளைப் பின்னர் காண்போம்.

மலிவும் எளிமையும் மாஸ்டர் சோதனையை உலகெங்கும் பரப்பின. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பதாரர்களைச் சோதிக்கவும் அது பயன்பட்டது. எனினும் அதற்கு இரு குறைகள் இருந்தன. அட்டவணை விதித்த அளவு திடகாத்திரமானவருக்குப் போதாது, நலிந்தவருக்கு மிகை. மேலும், ஏறி இறங்கி முடித்துப் படுத்த பின்னரே ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது. உழைப்பின் உச்சத்தில் இதயத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை மருத்துவர் பார்க்க இயலவில்லை.

சிறைச்சாலையிலிருந்து ஆய்வகத்துக்கு

'டிரெட்மில்' என்ற சொல்லுக்கு இருண்ட முன்வரலாறு உண்டு. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைக்கைதிகளுக்காக ஒரு பெருஞ்சக்கரத்தை வடிவமைத்தார். சக்கரத்தின் வெளிவிளிம்பில் படிகள் இருந்தன. கைதிகள் முடிவில்லாப் படிக்கட்டில் ஏறுவதுபோல் மணிக்கணக்கில் மிதித்தனர். 1898ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தோடு பிரிட்டனில் அத்தண்டனை முடிவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அச்சொல் வேறு வகைக் கருவியொன்றுக்குப் பெயராகி உடலியங்கியல் ஆய்வகத்தில் மறுபிறவி எடுத்தது. 1927 முதல் 1947 வரை இயங்கிய ஹார்வர்டு களைப்பாய்வகத்தில் மனித உடலின் தாங்குதிறனை அளக்க மோட்டாரால் இயங்கும் டிரெட்மில் பயன்பட்டது.

அதை இதய நோயாளிகளுக்கான கருவியாக்கியவர் ராபர்ட் புரூஸ். 1949இலேயே அவர் தம் சகாக்களுடன் டிரெட்மில் நடைச் சோதனையைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இதயவியல் பிரிவுக்குத் தலைமையேற்றார். அப்பல்கலைக்கழகத்தில் கருவிகள் வடித்துவந்த வேய்ன் குவின்டன், மருத்துவமனை அறைக்குப் பொருந்தும் டிரெட்மில்லை 1950களில் உருவாக்கினார். சிறுநீரக நோயாளிகளுக்குத் தொடர் டயாலிசிஸை இயலச்செய்த ஸ்க்ரிப்னர் குழாயின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர் இதே குவின்டன்.

1963இல் புரூஸும் சகாக்களும் பல கட்டங்களைக் கொண்ட முறையை வெளியிட்டனர். பெரியவர்களைப் பற்றிய அக்கட்டுரை குழந்தை மருத்துவ இதழொன்றின் இணைப்பில் வந்தது. ஒவ்வொரு கட்டமும் 3 நிமிடம். முதற்கட்டத்தில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர், சரிவு 10 விழுக்காடு. இரண்டாவதில் 4 கிலோமீட்டர், 12 விழுக்காடு. மூன்றாவதில் 5.5 கிலோமீட்டர், 14 விழுக்காடு. இவ்வாறு வேகமும் மேடும் ஒருசேர ஏறும். எல்லோரும் எளிதாகத் தொடங்கி, அவரவர் எல்லையில் நிற்கின்றனர். மாஸ்டரின் முதற்குறை இவ்வாறு நீங்கியது. நடந்துகொண்டிருக்கும்போதே ஈ.சி.ஜி.யும் இரத்த அழுத்தமும் பார்க்கப்பட்டதால் இரண்டாம் குறையும் நீங்கியது.

ஆனால் நடப்பவரின் கைகால்கள் அசைவதால் வரைகோடு கலங்கும். 1966இல் மேசன், லைக்கர் இருவரும் கைகால்களில் வைக்கும் மின்முனைகளை உடற்பகுதிக்கு மாற்றும் அமைப்பை வகுத்தனர். பரிசோதனைக்கு முன் மார்பின் முடியை மழித்து, தோலைத் துடைத்து, தோளருகிலும் அடிவயிற்றின் மேலும் மின்முனைகளை ஒட்டுவதன் காரணம் இதுவே. தளர்வான ஆடையும் நடப்பதற்கேற்ற காலணியும் கேட்கப்படுவது நடை தடைப்படாதிருக்கவே. புடவையோடு வரும் பெண்களிடம் மாற்றுடை கொண்டுவரச் சொல்வதும் இதனாலேயே. உணவுண்ட உடனே பரிசோதனைக்கு வரலாகாது என்ற விதியில், உண்ட பின் நடந்தால் வலி எளிதில் மூளும் என்று கண்ட ஹெபர்டனின் எதிரொலி கேட்கிறது.

அபாயத்தை எண்ணிப் பார்த்தல்

உட், வோல்ஃபெர்த் எழுப்பிய அச்சத்துக்கு எண்களால் விடை கிடைத்தது 1971இல். ரோக்மிஸ், பிளாக்பர்ன் ஆகியோர் 73 மையங்களில் நடந்த ஏறத்தாழ 1,70,000 பரிசோதனைகளின் விவரங்களைத் திரட்டினர். இறப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று என்று தெரியவந்தது. அபாயம் சிறிது, ஆயினும் பூச்சியம் அன்று. நெஞ்சின் மேல் அழுத்தி உயிர்ப்பிக்கும் முறை 1960இல் பரவத் தொடங்கியதும், நேர்மின்னோட்ட டிஃபிப்ரிலேட்டர் 1962இல் அறிமுகமானதும் இந்தச் சிறு அபாயத்தைச் சமாளிக்கத் துணைநின்றன. பரிசோதனை அறையில் அக்கருவியும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும் என்பது சடங்கன்று.

யாரைப் பட்டையில் ஏற்றலாகாது என்ற பட்டியலும் அனுபவத்தால் உருவாயிற்று. மாரடைப்பு வந்து ஓரிரு நாள் ஆனவர், ஓய்விலேயே நெஞ்சுவலி வருபவர், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கி அதனால் மயக்கமோ வலியோ உடையவர், கட்டுக்கடங்காத இதயச் செயலிழப்பு உடையவர் ஆகியோருக்கு இப்பரிசோதனை ஆகாது. முந்தைய இரவு நெஞ்சுவலி புதிதாகவோ கடுமையாகவோ வந்திருந்தால், அதை மறைத்துவிட்டுக் குறித்த நேரத்தில் பட்டையில் ஏறுவது பேராபத்து. மருந்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பீட்டா தடுப்பு மருந்துகள் இதயத் துடிப்பை உயரவிடாமல் நோயை மறைக்கக்கூடும். டிஜாக்சின் நோயில்லாத இடத்தில் எஸ்.டி. தாழ்வை உண்டாக்கக்கூடும். அவற்றை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். நோயாளி தாமாக நிறுத்தலாகாது.

நிறுத்தும் உரிமையும் நோயாளியினுடையது. அமெரிக்க வழிகாட்டு நெறிகள் பரிசோதனையைக் கட்டாயமாக நிறுத்த வேண்டிய காரணங்களுள் 'நிறுத்துங்கள்' என்ற நோயாளியின் வேண்டுகோளையும் சேர்த்துள்ளன. 'இன்னும் ஒரு நிமிடம்' என்ற ஊக்குவிப்புக்கு இணங்கலாம். இணங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

220 என்னும் எண்

பரிசோதனை அறைகளில் வழங்கும் ஒரு சூத்திரம், 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு கிடைக்கும் என்பது. அதில் 85 விழுக்காட்டைத் தொட்டால் பரிசோதனை நிறைவுற்றதாகக் கொள்ளும் வழக்கமும் பரவலானது. இந்த 220 எங்கிருந்து வந்தது? 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையோடு அது பரவிற்று. அதற்கென ஓர் ஆய்வு நடத்தப்படவில்லை. வெளியாகியிருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளைத் தோராயமாக ஒரு கோட்டில் பொருத்தியதன் விளைவே அது. அதைத் தனிமனிதர்களுக்கான விதியாக வகுக்கும் நோக்கம் தங்களுக்கு இருந்ததில்லை என்று ஹாஸ்கெல் பிற்காலத்தில் தெளிவுபடுத்தினார். 2001இல் தனாகாவும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் வேறொரு சமன்பாட்டைத் தந்தனர். எந்தச் சமன்பாடாயினும் ஒரே வயதினரிடையே பத்துத் துடிப்புக்கும் மேலான வேறுபாடு இயல்பே. ஆகவே இலக்கெண்ணைத் தொடவில்லை என்பதனாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடமாட்டார். தொட்டுவிட்டதும் பட்டையை நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை.

'பாசிட்டிவ்' என்ற சொல்

1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் கரோனரித் தமனிகளுக்குள் நேரடியாகச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் டிரெட்மில்லின் தீர்ப்பைத் தமனியின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இயன்றது. ஒப்பீடு அடக்கம் கற்பித்தது. 1975இல் ஸ்கெட்சும் சகாக்களும் பெண்களிடம் பொய்யான 'பாசிட்டிவ்' முடிவுகள் மிகுதி என்று காட்டினர். ஆண்களை மிகுதியாகக் கொண்டு வகுத்த அளவுகோல் பெண்களுக்கு அவ்வாறே பொருந்தவில்லை. 1989இல் ஜியான்ரோசியும் சகாக்களும் 147 ஆய்வுகளையும் 24,074 நோயாளிகளையும் தொகுத்தபோது, நோயுள்ளவர்களுள் சராசரியாக 68 விழுக்காட்டினரையே இச்சோதனை கண்டுபிடிக்கிறது என்றும், நோயில்லாதவர்களுள் 77 விழுக்காட்டினரையே சரியாக விடுவிக்கிறது என்றும் தெரிந்தது.

இவ்விரு எண்களின் முழுப்பொருளை விளக்கியது 1979இல் வெளிவந்த டயமண்ட், ஃபாரெஸ்டர் கட்டுரை. பதினெட்டாம் நூற்றாண்டின் தாமஸ் பேய்ஸ் வழிவந்த நிகழ்தகவுக் கணக்கை அவர்கள் இதயவியலுக்குள் கொண்டுவந்தனர். ஒரே முடிவு ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும் என்பது அதன் மையக் கருத்து. மேற்கண்ட எண்களைக் கொண்டே போட்டுப் பார்க்கலாம்.

எவ்வித அறிகுறியும் இல்லாத ஆயிரம் பேர், அவர்களுள் நோயுள்ளவர் 50 என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த 50இல் 34 பேரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 950 பேரில் ஏறத்தாழ 219 பேரையும் 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிடும். ஆக, 'பாசிட்டிவ்' என்று கேட்டு அஞ்சி வீடு திரும்பும் 253 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 34 பேரே, ஏறத்தாழ ஏழில் ஒருவர். இனி, மேடேறினால் நெஞ்சை நெரிக்கிறது, நின்றால் நிற்கிறது என்று ஹெபர்டனின் சொற்களிலேயே சொல்லும் முதியவர்கள் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் நோயுள்ளவர் 900 என்க. பரிசோதனை 288 பேரைத் தவறவிடும். நோயில்லாத 77 பேரைச் சரியாக விடுவிக்கும். 'நெகட்டிவ்' என்று நிம்மதியோடு திரும்பும் 365 பேரில் 288 பேருக்கு நோய் உண்டு. இருவகை மாந்தருக்கும் கருவி ஒன்றே, அறை ஒன்றே, வரைகோடு ஒன்றே. முன்னவருக்கு அது வீண் அச்சத்தையும், பின்னவருக்கு வீண் துணிவையும் தருகிறது. முன்கூட்டியே ஐயம் நடுத்தரமாக உள்ளவர்களிடத்துத்தான் விடை ஓரளவு தெளிவு தருகிறது.

இந்தியாவில் இக்கணக்குக்கு நடைமுறை முக்கியத்துவம் உண்டு. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு அளிக்கும் ஆண்டுப் பரிசோதனையிலும், மருத்துவமனைகள் தொகுப்பாக விற்கும் 'முழு உடல் பரிசோதனை'யிலும் டி.எம்.டி. பெரும்பாலும் இடம்பெறுகிறது. அங்கே வருபவர் மேற்சொன்ன முதல் ஆயிரத்தைச் சேர்ந்தவர். ஒரு 'பாசிட்டிவ்' முடிவு அடுத்த பரிசோதனைக்கும், அது ஆஞ்சியோகிராமுக்கும் வழிநடத்தலாம். செலவையும் உறக்கமற்ற இரவுகளையும் குடும்பம் சுமக்கிறது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012இலும் 2018இலும், அறிகுறியற்ற, அபாயம் குறைந்த பெரியவர்களுக்கு இச்சோதனையைச் சல்லடையாகப் பயன்படுத்த வேண்டா என்று பரிந்துரைத்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010இல், கரோனரி நோய் ஏற்கெனவே உறுதிப்படாதவர்களிடம் நெரிவலியை உறுதிசெய்யவோ விலக்கவோ இச்சோதனையைப் பயன்படுத்தலாகாது என்றது.

இன்னொரு வரம்பும் உண்டு. குருதியோட்டத்தைத் தடுக்குமளவுக்குக் குறுகிய தமனியையே டிரெட்மில் உணரும். குறுக்கம் மிகாத கொழுப்புப் படிவு ஒன்று திடீரென வெடித்து மாரடைப்பை உண்டாக்கலாம். ஆகவே 'நெகட்டிவ்' முடிவைப் புகைப்பதற்கான அனுமதிச்சீட்டாகவோ, புதிதாகத் தோன்றும் நெஞ்சுவலியைப் புறக்கணிப்பதற்கான காரணமாகவோ கொள்ளலாகாது.

மறக்கப்பட்ட எண்

அவ்வாறாயின் இச்சோதனை பயனற்றதா? மாஸ்டரின் முதற்கேள்விக்குத் திரும்பினால் விடை கிடைக்கும். 2002இல் மையர்ஸும் சகாக்களும் டிரெட்மில் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 6,213 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். இறப்பை முன்னுணர்த்தும் காரணிகளுள் வலிமை மிக்கது உழைப்பாற்றலே என்பது அதன் முடிவு. உழைப்பாற்றல் 'மெட்' என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனே ஒரு மெட். ஒரு மெட் கூடுந்தோறும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 12 விழுக்காடு மேம்பட்டது. புரூஸின் முதற்கட்டம் ஏறத்தாழ 5 மெட். மூன்றாம் கட்டத்தை நிறைவுசெய்வது ஏறத்தாழ 10 மெட். அதற்கு முன்னரே, 1987இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான மதிப்பெண் முறை, நடந்த நிமிடங்களையும் எஸ்.டி. தாழ்வையும் வலியையும் ஒன்றாகக் கூட்டி நோக்கக் கற்றுத்தந்தது. 1999இல் கோலும் சகாக்களும், நடை முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதும் எதிர்காலத்தைச் சுட்டும் என்றனர்.

இத்தகவல்கள் யாவும் பரிசோதனை அறிக்கையிலேயே உள்ளன. ஆயினும் நோயாளியும் உறவினரும் தேடுவது கடைசி வரியிலுள்ள ஒற்றைச் சொல்லை மட்டுமே. ஒன்பது நிமிடம் வலியின்றி நடந்தவரின் சிறு எஸ்.டி. தாழ்வும், மூன்று நிமிடத்தில் வலியோடும் இறங்கிய இரத்த அழுத்தத்தோடும் நின்றவரின் தாழ்வும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. பட்டையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டா என்று சொல்வதும் இதனால்தான்: பிடித்து நடந்தால் உடல் குறைவாகவே உழைக்கிறது, கருவியோ மிகையாகக் கணக்கிடுகிறது.

எனவே பரிசோதனைக்கு முன், 'இது எனக்கு எதற்காக? முடிவு எதுவாயினும் சிகிச்சையில் என்ன மாறும்?' என்று நோயாளி கேட்பது முறை. முடிந்த பின், 'எத்தனை நிமிடம் நடந்தேன்? எத்தனை மெட்? எதனால் நிறுத்தினீர்கள்?' என்று கேட்பதும் முறை.

ஹெபர்டன் இறந்த மறு ஆண்டு, 1802இல், அவரது மருத்துவக் குறிப்புகள் நூலாக வெளிவந்தன. நெரிவலியுற்ற ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைக் கடமையாகக் கொண்டு ஏறத்தாழக் குணமடைந்தார் என்று அதில் ஒரு குறிப்பு உண்டு. உழைப்பு நோயைக் காட்டுவது மட்டுமின்றி மருந்தாகவும் கூடும் என்று அவர் கண்டதை, இதய மறுவாழ்வுப் பயிற்சி என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டு மீண்டும் கண்டுபிடித்தது. அப்பயிற்சியில் எவ்வளவு நடக்கலாம் என்று நோயாளிக்கு வரையறுத்துக் கொடுப்பதற்கும் இன்று பயன்படுவது இதே டிரெட்மில் பரிசோதனைதான்.